மணிக்கட்டில் ஓர் எல்லைக்கோடு

2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவின் பிராட்டர் பூங்காச் சாலையில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே, மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தார். அவருக்கு முன்னால் ஒரு மின்சாரக் கார் சென்றது. அதிலிருந்து சாலையில் விழுந்த லேசர் கோடுகள், கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 நொடி என்ற வேகத்தில் நகர்ந்துகொண்டே இருந்தன. துணை ஓட்டக்காரர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்து அணிவகுத்தார்கள். கிப்சோகே அவர்கள் நடுவே ஓடினார். எந்தக் கிலோமீட்டரும் 2:48-க்குக் கீழே இறங்கவில்லை, 2:52-ஐத் தாண்டவுமில்லை. துணை ஓட்டக்காரர்கள் முறை மாற்றி வந்தது போன்ற காரணங்களால் அது அதிகாரபூர்வ உலக சாதனையாகப் பதிவாகவில்லை. ஆனாலும் சீரான வேகத்தின் மதிப்பை அந்த ஓட்டம் உலகுக்கே காட்டியது.

அந்த மதிப்புக்குக் காரணம் உடலின் எரிபொருள் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் வடிவில் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து சில நூறு கிராம்தான். வேகம் கூடக் கூட, உடல் கொழுப்பைக் குறைவாகவும் மாவுச்சத்தை அதிகமாகவும் எரிக்கிறது. முதல் 10 கிலோமீட்டரில் கூட்டத்தின் உற்சாகத்தில் கொஞ்சம் வேகமாக ஓடியவர், 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கால் நகராமல் தவிப்பது இதனால்தான். ஓடும்போது அந்தக் கூடுதல் வேகம் நமக்குத் தெரிவதே இல்லை. தெரியும்போது எரிபொருள் தீர்ந்திருக்கும்.

முன்னே செல்லும் காரும் லேசரும் எல்லோருக்கும் வாய்க்காது. அந்த வேலையைச் செய்ய மற்றவர்களுக்குக் கிடைத்திருப்பது ஜிபிஎஸ் வாட்சின் அலர்ட் வசதி. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் மணிக்கட்டு அதிரும். இதயத் துடிப்பு ஏறினால் ஒலி எழும். அந்த எல்லையை வைப்பது நாம்தான். வாட்ச் எதை எவ்வளவு துல்லியமாக அளக்கிறது, எவ்வளவு தாமதமாக அளக்கிறது என்று தெரிந்து வைத்த எல்லை உதவும். தெரியாமல் வைத்த எல்லை ஓட்டத்தைக் கெடுக்கும்.

மூன்று வகை அலர்ட்

விளையாட்டு வாட்சுகள் வழக்கமாக மூன்று வகை அலர்ட்டுகளைத் தருகின்றன. முதலாவது வரம்பு அலர்ட்: கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று வைக்கிறோம். அளவு அந்த இரண்டுக்கும் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் வாட்ச் குரல் கொடுக்கும். வேகம், இதயத் துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்ற கணக்கு, சைக்கிள் மிதிக்கும் ஆற்றல் எல்லாம் இந்த வகையில் வரும். இரண்டாவது ஒருமுறை அலர்ட்: குறிப்பிட்ட தூரத்தையோ நேரத்தையோ எட்டும்போது ஒரே ஒரு தடவை ஒலிக்கும். மூன்றாவது திரும்பத் திரும்ப வரும் அலர்ட்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இந்த வசதி இரண்டு வழிகளில் வளர்ந்து ஒன்றாகச் சேர்ந்தது. பின்லாந்தில் செப்போ சாய்னாயாகாங்கஸ் 1977-இல் தொடங்கிய போலார் நிறுவனம், கம்பியில்லாமல் இதயத் துடிப்பைக் கைக்கடிகாரத்தில் காட்டும் கருவியை 1982-இல் கொண்டுவந்தது. மறுபுறம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1978 முதல் விண்ணில் ஏறின. ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். அதனால் இடக்கணிப்பு 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் உத்தரவால் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2003-இல், கார்மின் நிறுவனத்தின் முதல் ஃபோர்ரன்னர் வாட்சுகள் ஓட்டக்காரர்களின் கைக்கு வந்தன.

வேகம் ஏன் துள்ளுகிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னல் நம்மை வந்தடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு பிடிக்கும். அந்தப் பயண நேரத்தை அளந்துதான் வாட்ச் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் ஓடும். ஆக, 10 நானோ நொடி பிசகினால் 3 மீட்டர் பிசகும். சிக்னல் நேராக வராமல் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், கூடுதலாகக் கடந்த தூரமும் கணக்கில் ஏறிவிடும். அடர்ந்த மரங்கள், மேம்பாலங்கள், நம் உடல்கூடச் சிக்னலை மறைக்கும். சிகாகோ மாரத்தானின் தொடக்கப் பகுதி வானளாவிய கட்டடங்களுக்கு இடையே போவதால், அங்கே வாட்சுகள் காட்டும் வேகம் தாறுமாறாக இருக்கும் என்பது ஓட்டக்காரர்கள் நன்கு அறிந்த செய்தி.

இந்தப் பிழை அலர்ட்டை எப்படிப் பாதிக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்ற வேகம், நொடிக்கு 3.33 மீட்டர். 4:55 முதல் 5:05 வரை என்று ஒருவர் வரம்பு வைக்கிறார். மீட்டர் கணக்கில் அந்த வரம்பின் மொத்த அகலம் நொடிக்கு வெறும் 11 சென்டிமீட்டர். வாட்ச் அளக்கும் வேகத்தில் நொடிக்கு 30 சென்டிமீட்டர் பிழை வந்தால், திரையில் 4:35 என்றோ 5:30 என்றோ தோன்றும். ஓடுபவர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பார். வாட்ச் மட்டும் 'மெதுவாக', 'வேகமாக' என்று மாறி மாறி அதிர்ந்துகொண்டிருக்கும். அதை நம்பி அவர் காலை விரட்டவும் இழுக்கவும் தொடங்கினால், எந்தச் சீரான வேகத்துக்காக அலர்ட் வைத்தாரோ அதுவே பாழாகும்.

நல்ல வாட்சுகள் இந்தத் துள்ளலைக் குறைக்கப் பாடுபடுகின்றன. அடுத்தடுத்த இரண்டு இடங்களைக் கழித்து வேகம் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், சிக்னலின் அலைவரிசை நம் நகர்வால் எவ்வளவு மாறுகிறது என்ற டாப்ளர் விளைவையும் பயன்படுத்துகின்றன. கையசைவை அளக்கும் முடுக்கமானியும் துணைக்கு வருகிறது. புதிய வாட்சுகள் பல, 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் சேர்த்து வாங்குகின்றன. இரண்டாவதில் குறியீடு பத்து மடங்கு வேகமாக வருவதால், நேராக வந்த சிக்னலையும் சுவரில் பட்டு வந்ததையும் பிரித்தறிவது எளிது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் செயற்கைக்கோள்களையும் இவை சேர்த்துக்கொள்கின்றன. இந்தியாவின் நாவிக் அமைப்புக்காக இஸ்ரோ 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், கைக்கருவிகள் பரவலாகப் பயன்படுத்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலும் சேர்க்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் பிழையைக் கரைக்க ஒரே வழி சராசரி. பல நொடிகளின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் துள்ளல் அடங்கும். ஆனால் சராசரிக்கு ஒரு விலை உண்டு, அது தாமதம். 30 நொடிச் சராசரியைக் காட்டும் வாட்ச், நீங்கள் வேகத்தை மாற்றியதை முழுமையாக உணர அரை நிமிடம் எடுக்கும். ஓட்டத்தை வாட்ச் பிரித்துக் கணக்கிடும் ஒரு துண்டுதான் லேப். ஒரு கிலோமீட்டர் லேப்பின் சராசரி வேகத்துக்கு இன்னொரு குணம் இருக்கிறது: லேப் தொடங்கிய முதல் 100 மீட்டரில் அது சட்டென்று மாறும், 900-ஆவது மீட்டரில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அசையாது.

ஆகவே நெடுந்தூர ஓட்டத்துக்கு, அந்தந்த நொடியின் வேகத்தை விட்டுவிட்டு லேப் சராசரியைப் பார்ப்பதே சரி. நொடி வேகத்துக்குத்தான் அலர்ட் வைக்க முடியும் என்ற வாட்சாக இருந்தால், இலக்கின் இருபுறமும் 15 முதல் 20 நொடி இடம் விடுங்கள். வரம்பு, கருவியின் பிழையைவிட அகலமாக இருக்க வேண்டும். எந்த அலர்ட்டுக்கும் இதுவே முதல் விதி.

வாட்ச் காட்டும் 42.6

போட்டி நாளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மாரத்தான் பாதையை அளப்பவர்கள், சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் ஓடும் நாம் அந்தக் குறுகிய கோட்டைப் பிடிப்பதில்லை. தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறோம், வளைவில் அகலமாகத் திரும்புகிறோம். ஜிபிஎஸ்ஸின் சின்னச் சின்ன அலைபாய்வும் தூரத்தைக் கூட்டிக் காட்டும். எல்லாம் சேர்ந்து, முடிவுக்கோட்டில் வாட்ச் 42.6 கிலோமீட்டர் என்று காட்டினால் வியப்பில்லை.

4 மணி நேரத்தில் முடிக்க விரும்புபவருக்குத் தேவையான வேகம் கிலோமீட்டருக்கு 5:41. வாட்ச் ஒரு சதவீதம் கூடுதலாக அளந்தால், அலர்ட் ஒருமுறைகூட ஒலிக்காமல் 5:41-ஐக் கச்சிதமாகக் கடைப்பிடித்தவர் 4 மணி 2 நிமிடத்தில்தான் முடிப்பார். வாட்சைப் பொறுத்தவரை அவர் தவறே செய்யவில்லை. இதைத் தவிர்க்க, போட்டியில் இலக்கை 3 அல்லது 4 நொடி வேகமாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, தானாக லேப் பிரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தி லேப் எடுப்பது.

இதயத் துடிப்பு: யாருடைய எல்லை?

இதயத் துடிப்புக்கு அலர்ட் வைப்பவர்கள் பெரும்பாலும் வாட்ச் தானாகத் தரும் எல்லையை ஏற்றுக்கொள்கிறார்கள். அதன் அடிப்படை, 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்ற சூத்திரம். 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கல் ஆகியோரின் கட்டுரையிலிருந்து பரவிய இது, அப்போது கிடைத்த தரவுகளின் நடுவே உத்தேசமாக வரைந்த கோடு. 2001-இல் தனாகாவும் சக ஆய்வாளர்களும் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து வேறொரு சூத்திரம் தந்தார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்கின்றன. 60 வயதில் பழையது 160 என்கிறது, புதியது 166 என்கிறது.

எந்தச் சூத்திரமும் கூட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பில் 20 வரை வேறுபாடு இருப்பது இயல்பு. சூத்திரப்படி 180 உள்ளவரின் உண்மையான உச்சம் 192 என்றால், அவர் நிதானமாக ஓடும்போதே வாட்ச் கத்தும். உண்மையான உச்சம் 168 என்றால், அவர் திணறும்போதும் வாட்ச் மௌனமாக இருக்கும். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களின் துடிப்பை அந்த மருந்தே அடக்கி வைக்கும். அவர்களுக்குச் சூத்திரம் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் தங்கள் எல்லையை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

பின்லாந்து உடலியலாளர் கார்வோனன் 1957-இல் காட்டிய வழி தனிமனிதருக்குச் சற்று நெருக்கமானது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிஞ்சுவதில் சதவீதம் எடுத்து, அதை ஓய்வுத் துடிப்போடு கூட்ட வேண்டும். உச்சம் 180, ஓய்வு 60 என்றால் மிச்சம் 120. அதில் 60 முதல் 70 சதவீதம் 72 முதல் 84. ஓய்வுத் துடிப்பைச் சேர்த்தால் 132 முதல் 144 வரை. இந்த வரம்பைச் சரிபார்க்கக் கருவி தேவையில்லை: நிதான ஓட்டத்தில் பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சுவாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியும்போதே வாட்ச் ஒலித்தால், எல்லையைத்தான் திருத்த வேண்டும்.

தாமதம் இங்கும் உண்டு. நாம் வேகத்தைக் கூட்டியதும் இதயம் உடனே புதிய துடிப்புக்குப் போவதில்லை. நிலைபெற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஆகவே 30 நொடி வேக ஓட்டத்துக்கு இதயத் துடிப்பு அலர்ட் பயன்படாது. துடிப்பு எல்லைக்கு வரும்போது ஓட்டம் முடிந்திருக்கும். அளக்கும் முறையும் முக்கியம். வாட்சின் அடியில் இருக்கும் பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்துத் துடிப்பைக் கணிக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் கையசைவையே துடிப்பாக எண்ணிவிடும். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடும்போது துடிப்பும் 170 என்றே தொடர்ந்து காட்டினால் சந்தேகப்பட வேண்டும். இதயத்தின் மின் சமிக்ஞையை நேரடியாக வாங்கும் மார்புப் பட்டையில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு.

தமிழகக் கடற்கரை ஊர்களில் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டியது வெப்பமும் ஈரப்பதமும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. வியர்வையால் ரத்தத்தின் நீரும் குறைகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவதால், துடிப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறது. வேகம் மாறாமலே ஒரு மணி நேரத்தில் துடிப்பு 10, 15 என ஏறிவிடும். சென்னையில் நெடுந்தூர ஓட்டங்கள் விடியும் முன்பே தொடங்கக் காரணம் இதுதான். இத்தகைய நாளில் வேக அலர்ட் ஆபத்தானது, ஏனென்றால் குளிர்ந்த நாளின் வேகத்தைப் புழுக்கத்திலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டு இதயத் துடிப்புக்கு மேல் எல்லை மட்டும் வையுங்கள். தலைச்சுற்றல், குழப்பம், தள்ளாட்டம் வந்தால் எந்த அலர்ட்டுக்கும் காத்திராமல் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

நேரம் தவறாத அலர்ட்

வாட்சுக்கு மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒன்று நேரம். செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரங்களோடு தன்னைச் சரிபார்த்துக்கொள்வதால், அதில் பிழை இல்லை என்றே சொல்லலாம். ஆகவே நேரத்தை வைத்து இயங்கும் அலர்ட்டுகள்தான் எல்லாவற்றிலும் நம்பகமானவை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, ஓடுவது, நடப்பது, மீண்டும் ஓடுவது என்ற முறையை 1974 முதல் கற்பித்து வந்தார். 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று தொடங்கும் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் அலர்ட் அருமையான துணை. மலையேறுபவர்களுக்கும் அப்படியே: 'இந்த மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும்' என்று புறப்படும் முன்பே வைத்த அலர்ட், உச்சி கண்ணில் தெரியும்போது வரும் ஆசைக்கு எதிராக நிற்கும்.

சாப்பிட நினைவூட்டும் அலர்ட்டும் நல்லதே. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்திலும் சைக்கிள் பயணத்திலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். பசி வந்தபின் சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஆனால் தண்ணீர் அலர்ட்டில் கவனம் வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததைக் கண்டது. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்ததே முதன்மைக் காரணம். வாட்ச் ஒலித்ததற்காகத் தாகமில்லாமல் குடிக்க வேண்டாம்; ஒலித்தால் தாகம் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

மேடும் காற்றும்

மேட்டுப் பாதையில் வேக அலர்ட்டை அணைத்துவிட வேண்டும். ஏற்றத்தில் அதே வேகத்தைக் காப்பாற்றினால் உழைப்பு பெருகி, மேலே போகும் முன் கால் களைத்துவிடும். சைக்கிள் ஓட்டுபவர்கள் இதற்காகவே ஆற்றல்மானி பொருத்துகிறார்கள். மிதிக்கும் விசையில் உலோகம் நூலளவு வளைவதை அளந்து வாட் கணக்கில் சொல்லும் கருவி இது. ஏற்றம், எதிர்காற்று எதுவானாலும் உங்கள் உழைப்பை உடனடியாகக் காட்டும். ஒவ்வொரு மிதிக்கும் அளவு மாறுவதால், இதிலும் சில நொடிச் சராசரிக்கே எல்லை வைக்க வேண்டும்.

உயர அலர்ட் வைப்பவர்கள், வாட்ச் உயரத்தைக் காற்றழுத்தத்திலிருந்து கணிக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மழை மேகம் நெருங்கி அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், கூடாரத்தில் படுத்திருப்பவரையும் வாட்ச் 30 மீட்டர் மேலே ஏற்றிவிடும். உயரம் தெரிந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் அதைத் திருத்தி அமைப்பது நல்லது.

இத்தனை அலர்ட்டுகளையும் ஒன்றாக வைத்தால் எதுவும் பயன்படாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் ஒலிக்கும் கருவிகளுக்கு நடுவே பணியாற்றுபவர்களின் காது அந்த ஒலிகளுக்குப் பழகிவிடுவதை மருத்துவ உலகம் பெரும் பாதுகாப்புச் சிக்கலாகக் கருதுகிறது. பொய்யான ஒலி பெருகினால் மெய்யான ஒலியும் மதிப்பிழக்கும். ஓடுபவரின் மூளையும் அப்படித்தான். நான்கைந்து முறை வீணாக அதிர்ந்த வாட்சை ஐந்தாறாவது முறை அது பொருட்படுத்தாது.

ஆகவே அடுத்த முறை புறப்படும் முன் வாட்சின் அலர்ட் பட்டியலைத் திறந்து, அன்றைய பயிற்சியின் நோக்கத்துக்கு உதவாத அனைத்தையும் அணைத்துவிடுங்கள். நிதான ஓட்டமா, இதயத் துடிப்புக்கு மேல் எல்லை ஒன்று போதும். போட்டியா, தொடக்கக் கிலோமீட்டர்களில் உங்களைக் கட்டுப்படுத்தும் வேக எல்லை ஒன்றும் சாப்பாட்டு நினைவூட்டல் ஒன்றும் போதும். வரம்பை அகலமாக வையுங்கள். சில வாரப் பதிவுகளைப் பார்த்து உங்கள் உடலுக்கு ஏற்றபடி திருத்துங்கள். ஒலி எழும்போது வேகத்தை மாற்றுவதற்கு முன் மூச்சையும் கால்களையும் ஒரு கணம் கவனியுங்கள். முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான்.